கம்பி அகன்ற பின்: சிறுவிமானக் கருவிப்பலகைக்கும் கைக்கணினிக்கும் இடையிலான கம்பியில்லா இணைப்பின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

சிறுவிமானத்தின் கருவிப்பலகையும் விமானி தம்முடன் கொண்டுசெல்லும் கைக்கணினியும் கம்பியின்றித் தரவு பரிமாறிக்கொள்ளும் முறை, 2010ஆம் ஆண்டுக்குப் பின் அமெரிக்காவின் தனியார் சிறுவிமானப் பறப்பில் வேகமாகப் பரவியது. எடுத்துச்செல் மின்னணுக் கருவிகள் மீதான சட்டத் தடை, அலாஸ்காவில் நடைபெற்ற கேப்ஸ்டோன் திட்டம், கைக்கணினியின் வருகை ஆகிய மூன்றும் இம்முறை உருவாகக் காரணமாயின. கம்பி தரவை மட்டும் கடத்தவில்லை. தரவை அனுப்புவது யார் என்ற உறுதியையும் சேர்த்தே கடத்தியது. கம்பி அகன்றபோது அவ்வுறுதியின் இடத்தில் எது வைக்கப்பட்டது என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சிறுவிமானம், விமான மின்னணுவியல், ஏ.டி.எஸ்.-பி., புளூடூத், வைஃபை, சான்றளிப்பு, ஜி.டி.எல். 90 நெறிமுறை

முன்னுரை

விமான மின்னணுவியலின் வரலாறு பெரும்பாலும் பயணிகள் விமானங்களையும் போர் விமானங்களையும் மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. புதிய கருவி முதலில் போர் விமானத்தில் தோன்றும். பிறகு பயணிகள் விமானத்துக்கு வரும். இறுதியாக விலை குறைந்து சிறுவிமானத்தை அடையும் என்பது அவ்வரலாற்றின் வழக்கமான வரிசை. கைக்கணினிக்கும் கருவிப்பலகைக்கும் இடையிலான கம்பியில்லா இணைப்பு இவ்வரிசைக்குள் அடங்குவதில்லை. நான்கு இருக்கைகளும் ஒற்றை எந்திரமும் கொண்ட தனியார் விமானங்களில்தான் அது முதலில் அன்றாட வழக்கமாயிற்று. ஒரே விமானி ஓட்டிக்கொண்டும், வழிப்படம் பார்த்துக்கொண்டும், வானொலியில் பேசிக்கொண்டும் இருக்க வேண்டிய இடம் அது.

இத்தலைகீழ் வளர்ச்சியைத் தொழில்நுட்பத்தின் விலைச்சரிவு ஒன்றைக் கொண்டே விளக்கிவிட முடியாது. சட்டம் எதைக் கட்டுப்படுத்தியது, எதைக் கட்டுப்படுத்தாமல் விட்டது என்பதையும், ஒரு கருவி சொல்வதை நம்பலாமா என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் யார் விடையளித்தார்கள் என்பதையும் சேர்த்துக் காண வேண்டும். இக்கட்டுரை அவ்விரு கேள்விகளையும் பின்தொடர்கிறது.

1. எடுத்துச்செல் கருவிகள் மீதான தடை

கம்பியில்லா இணைப்பின் வரலாறு ஒரு தடையிலிருந்து தொடங்குகிறது. டிரான்சிஸ்டர் வானொலிகள் மலிந்த காலத்தில், பயணிகள் அவற்றை விமானத்துக்குள் கொண்டுவரத் தொடங்கினர். பண்பலை வானொலிகளால் வழிகாட்டுக் கருவிகளுக்கு இடையூறு நேரும் என்ற ஐயம் எழுந்தது. அந்த ஐயத்துக்குத் தெளிவான இயற்பியல் அடிப்படை இருந்தது. பண்பலை ஒலிபரப்பு 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில் நடைபெறுகிறது. அதனைப் பெறும் வானொலி தனக்குள்ளேயே ஓர் அலையை உண்டாக்கிக்கொள்கிறது. வழக்கமான வடிவமைப்பில் அவ்வலையின் அதிர்வெண், கேட்கப்படும் நிலையத்தின் அதிர்வெண்ணைவிட 10.7 மெகாஹெர்ட்ஸ் கூடுதலாக இருக்கும். 100.3 மெகாஹெர்ட்ஸ் நிலையத்தைக் கேட்கும் வானொலி, 111 மெகாஹெர்ட்ஸ் அலையைச் சிறிதளவு வெளியே கசியவிடும். அக்காலத்தில் விமானங்கள் திசையறியப் பெரிதும் நம்பியிருந்த வி.ஓ.ஆர். நிலையங்கள் 108 முதல் 118 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதே பகுதியில்தான் இயங்கின.

அமெரிக்காவின் ஆர்.டி.சி.ஏ. அமைப்பு இவ்விடையூற்றை ஆராய்ந்து 1963இல் அறிக்கை வெளியிட்டது. எடுத்துச்செல் மின்னணுக் கருவிகள் குறித்த பொதுவிதி 1960களில் உருவாகி, இன்று அமெரிக்கக் கூட்டாட்சி விதித்தொகுப்பில் 91.21 என்னும் எண்ணுடன் நிற்கிறது. பயணிகள் சேவை விமானங்களிலும், கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் விதிமுறையின்கீழ் இயங்கும் பிற விமானங்களிலும் இத்தகைய கருவிகளை இயக்கக் கூடாது என்பது அதன் சாரம். குரல்பதிவுக் கருவி, செவித்துணைக் கருவி, இதயமுடுக்கி, மின்சவரக் கருவி ஆகியவற்றுக்கு விலக்குண்டு.

இவ்விதியின் இறுதிப் பகுதியே இவ்வரலாற்றுக்கு முதன்மையானது. வழிகாட்டுக்கும் தொடர்புக்கும் இடையூறு செய்யாது என்று தீர்மானிக்கப்பட்ட வேறெந்தக் கருவியையும் பயன்படுத்தலாம் என்று அது கூறுகிறது. பயணிகள் சேவை விமானத்தில் அத்தீர்மானத்தைச் செய்ய வேண்டியது அதனை இயக்கும் நிறுவனம். பிற விமானங்களிலோ பொறுப்பு விமானியே அதைச் செய்யலாம். பெருநிறுவனம் ஆய்வுக்கூடச் சோதனைகளுக்குப் பின் எடுக்க வேண்டிய முடிவைச் சிறுவிமானத்தின் உரிமையாளர் தம் இருக்கையில் அமர்ந்தபடியே எடுக்கலாம். நாற்பதாண்டுகளுக்கும் மேலாக அவ்வளவாகக் கவனிக்கப்படாதிருந்த இவ்வாசகம், கைக்கணினி வந்தபோது பெரும் வாயிலாயிற்று.

புளூடூத்தும் வைஃபையும் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி, வி.ஓ.ஆர். பகுதியிலிருந்தும் 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் ஜி.பி.எஸ். குறிப்பலையிலிருந்தும் வெகுதொலைவில் உள்ளது. சிறு கருவிகளின் புளூடூத் ஆற்றலும் சில மில்லிவாட் அளவினது. பண்பலை வானொலியைத் தடுத்த காரணம் இவற்றுக்கு அதே வடிவில் பொருந்தவில்லை. பயணிகள் விமானங்களில் புறப்பாடு முதல் தரையிறக்கம் வரை இத்தகைய கருவிகளை அனுமதிக்கும் வழியை அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2013 அக்டோபர் 31 அன்றுதான் அறிவித்தது. சிறுவிமான விமானிகள் அதற்கு முன்பே தம் முடிவைச் செய்திருந்தனர்.

2. சான்றளிப்பின் வேலி

தடைச் சட்டம் ஒருபுறமிருக்க, கருவிப்பலகையைச் சூழ்ந்து வேறொரு வேலி நின்றது. சான்றளிக்கப்பட்ட விமானத்தில் நிலையாகப் பொருத்தப்படும் கருவிக்கு அரசின் ஒப்புதல் தேவை. அதன் மென்பொருள், டி.ஓ.-178 எனப்படும் நெறிக்கேற்ப, பிழை நேர்ந்தால் விளையக்கூடிய கேட்டின் அளவைப் பொறுத்துச் சரிபார்க்கப்பட வேண்டும். திரையில் ஒரு சிறு மாற்றமும் ஆவணங்களையும் சோதனைகளையும் கோரும். இதனால் கருவிப்பலகை நம்பத்தக்கதாயிற்று. அதே காரணத்தால் விலை கூடியதும் மெதுவாக மாறுவதும் ஆயிற்று.

விமானியின் கைப்பையில் இருக்கும் பொருள் இவ்வேலிக்கு வெளியே நின்றது. 1930களில் எல்ரி ஜெப்சன் என்னும் அஞ்சல் விமானி, தாம் பறந்த வழிகளின் குறிப்புகளைச் சிறு கறுப்புக் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். அக்குறிப்புகளைப் பிற விமானிகளுக்கு விற்கத் தொடங்கி, 1934இல் தொழிலாக வளர்த்தார். அவர் பெயரால் அமைந்த வழிப்படங்கள் உலகெங்கும் பரவின. தாள் எப்பொழுதுமே விமானத்தின் பகுதியன்று. விமானி கொண்டுவரும் பொருள். அதன் செம்மைக்கு வெளியீட்டாளர் பொறுப்பு. அதைச் சரியாகப் படிப்பது விமானியின் பொறுப்பு.

தாளின் இடத்துக்கு மின்னணுத் திரை வந்தபோது, சட்டம் அதனைத் தாளுக்கு ஒப்பானதாகவே கருதத் தொடங்கியது. மின்னணுப் பறப்புப் பை என்னும் கருத்துக்கு நிர்வாகத்தின் 2002ஆம் ஆண்டு அறிவுரைச் சுற்றறிக்கை வடிவம் தந்தது. கையில் வைத்திருப்பது, தாங்கியில் இணைப்பது, விமானத்தில் நிலையாகப் பொருத்துவது என மூன்று வகைகளை அது பிரித்தது. 2007இல் வந்த மற்றொரு சுற்றறிக்கை தனியார் பறப்பில் இதன் பயன்பாட்டை விளக்கியது. பொருத்தப்பட்ட கருவிக்குச் சான்று வேண்டும். கொண்டுவரும் கருவிக்கு வேண்டியதில்லை என்ற பாகுபாடு இவற்றால் உறுதிப்பட்டது.

இடைக்காலத்தில் இவ்விரு உலகங்களையும் இணைத்தது கம்பியே. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். குறிப்பலையில் வேண்டுமென்றே கலக்கப்பட்டிருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. கைக்கு அடக்கமான கருவிகளின் துல்லியம் உடனே உயர்ந்தது. 2005இல் கார்மின் நிறுவனம் வெளியிட்ட ஜி.பி.எஸ்.மேப் 396, செயற்கைக்கோள் வானொலிவழி வானிலைப் படத்தையும் விமானியின் கைக்குக் கொண்டுவந்தது. இத்தகைய கருவியைப் பலகைக் கருவியோடு இணைக்க வேண்டின் தொடர்வரிசைக் கம்பி இழுக்க வேண்டும். எந்தக் கம்பி எங்கிருந்து எங்குச் செல்கிறது என்பது பணிமனையில் தீர்மானிக்கப்பட்டது. ஆகவே கம்பியில் வரும் செய்தியை யார் அனுப்புகிறார் என்று வினவ வேண்டிய தேவை எழவில்லை.

3. அலாஸ்காவின் கொடை

பின்னாளில் கம்பியில்லா இணைப்பின் பொதுமொழியாகவிருந்த நெறிமுறை, கைக்கணினிகளை எண்ணி உருவாக்கப்பட்டதன்று. அதன் பிறப்பிடம் அலாஸ்கா.

அலாஸ்காவின் தென்மேற்கில் யூகான், குஸ்கோக்விம் ஆகிய இரு பேராறுகளின் கழிமுகப் பகுதியில் பல சிற்றூர்கள் உள்ளன. அவற்றை ஒன்றோடொன்றோ வெளியுலகோடோ இணைக்கும் சாலைகள் இல்லை. பெத்தல் என்னும் நகரிலிருந்து புறப்படும் சிறுவிமானங்களே அஞ்சல், உணவுப்பொருள், நோயாளி அனைத்தையும் சுமந்தன. தாழ்ந்த மேகம், பனி, வெண்ணிறத் தரைக்கும் வெண்ணிற வானுக்கும் வேறுபாடு தெரியாத வெளிச்சம் ஆகியவை விபத்துகளை மிகுவித்தன. தாழப் பறக்கும் விமானங்களை ரேடார் காணவுமில்லை.

இந்நிலையை மாற்ற 1999இல் தொடங்கப்பட்டதே கேப்ஸ்டோன் திட்டம். அரசுச் செலவில் நூற்றுக்கும் மேற்பட்ட வணிகச் சிறுவிமானங்களில் புதிய கருவிகள் பொருத்தப்பட்டன. இவற்றின் அடிப்படை ஏ.டி.எஸ்.-பி. என்னும் முறை. ஒவ்வொரு விமானமும் ஜி.பி.எஸ். வழியாகத் தன் இடத்தை அறிந்து, அதனை நொடிக்கொரு முறை வானொலியில் ஒலிபரப்பும்; அருகிலுள்ள விமானங்களும் தரைநிலையங்களும் அதைக் கேட்கும். சிறுவிமானங்களுக்கென 978 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் யூ.ஏ.டி. என்னும் தனிவழி அமைக்கப்பட்டது. அதே வழியில் தரைநிலையம் வானிலைச் செய்திகளையும் அனுப்ப முடிந்தது. 2001இன் தொடக்கத்தில் பெத்தல் பகுதி விமானங்களை ஏ.டி.எஸ்.-பி. கொண்டு கட்டுப்பாட்டு நிலையங்கள் கண்காணிக்கத் தொடங்கின. கருவி பொருத்தப்பட்ட விமானங்களின் விபத்து விகிதம் 47 விழுக்காடு குறைந்ததாக நிர்வாகம் பின்னர் அறிவித்தது.

இத்திட்டத்தோடு பிறந்த யூ.ஏ.டி. கருவி ஜி.டி.எல். 90. அதனை உருவாக்கிய யூ.பி.எஸ். ஏவியேஷன் டெக்னாலஜீஸ் நிறுவனம் ஒரிகான் மாநிலத்தின் சேலம் நகரில் இயங்கியது. 2003இல் கார்மின் அதனை வாங்கியது. ஜி.டி.எல். 90 தான் கேட்டவற்றைப் பலகையின் திரைக்குக் கம்பிவழி அனுப்ப ஒரு செய்தி நெறிமுறையைக் கொண்டிருந்தது. அந்நெறிமுறையின் விவரக்குறிப்பு 2007இல் பொதுவெளியில் கிடைக்கும் ஆவணமாயிற்று.

அதன் அமைப்பு எளியது. ஒவ்வொரு செய்தியும் 01111110 என்னும் எட்டு இரும எண்களில் தொடங்கி அவற்றிலேயே முடியும். முதற்பகுதியில் செய்தியின் வகை எண் இருக்கும்: சுழியம் என்றால் கருவி உயிரோடிருக்கிறது என்று நொடிதோறும் அறிவிக்கும் இதயத்துடிப்பு, 7 என்றால் தரையிலிருந்து வந்த வானிலை முதலிய செய்தி, 10 என்றால் தன் விமானத்தின் இடம், 20 என்றால் பிற விமானத்தின் இடம். இறுதியில் 16 இருமங்கள் கொண்ட சரிபார்ப்பு எண் வரும். கம்பியில் இரைச்சல் கலந்து ஓர் எழுத்து மாறியிருந்தால் அவ்வெண் காட்டிக்கொடுத்துவிடும்.

அச்சரிபார்ப்பு எண் தற்செயலான சிதைவைக் கண்டறியும். திட்டமிட்ட பொய்யைக் கண்டறியாது. செய்தியைப் புனைபவர் அதற்குரிய சரிபார்ப்பு எண்ணையும் கணக்கிட்டுச் சேர்த்துவிடலாம். அனுப்பியவர் இன்னார் என்று மெய்ப்பிக்கும் கூறு எதுவும் அந்நெறிமுறையில் இல்லை. வடிவமைப்பாளரின் கவனக்குறைவாக இதனைக் கொள்ளுதல் பொருந்தாது. விமானத்தின் உடலுக்குள் பணிமனையாளர் இழுத்த கம்பியின் இரு முனைகளும் அறியப்பட்டவை. அங்கே கம்பியே அடையாளச் சான்றாக இருந்தது.

4. கைக்கணினியின் வருகையும் நெறிமுறையின் இடப்பெயர்ச்சியும்

2010ஆம் ஆண்டில் இரு நிகழ்வுகள் அடுத்தடுத்து நேர்ந்தன. ஏப்ரல் 3 அன்று ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேட் விற்பனைக்கு வந்தது. மே மாத இறுதியில் ஏ.டி.எஸ்.-பி. குறித்த இறுதி விதி வெளியாயிற்று. டிரான்ஸ்பாண்டர் கட்டாயமாக இருந்த வான்வெளிகளில் பெரும்பாலானவற்றில் பறக்கும் விமானங்கள் 2020 ஜனவரி 1 முதல் தம் இடத்தை ஒலிபரப்பியே ஆக வேண்டும் என்று அவ்விதி கூறியது. அலாஸ்காவில் சோதிக்கப்பட்ட முறை நாடு முழுமைக்கும் விரிந்தது.

ஐபேட்டின் அளவு வழிப்படத் தாளின் அளவோடு ஏறத்தாழ ஒத்திருந்தது. 2007இல் தொடங்கப்பட்ட ஃபோர்ஃப்ளைட் போன்ற நிறுவனங்களின் செயலிகள், கிலோக்கணக்கில் எடையிருந்த படத்தொகுப்புகளை ஒரு திரைக்குள் அடக்கின. எனினும் அத்திரைக்குப் புலன்கள் போதவில்லை. வைஃபை மட்டுமே கொண்ட ஐபேட் வகைகளில் ஜி.பி.எஸ். ஏற்பி இல்லை, வானிலைச் செய்தியைப் பறக்கும்போது பெற வழியில்லை. இக்குறைகளை நிரப்பவே கம்பியில்லா இணைப்பு முதலில் தேவைப்பட்டது. புளூடூத்வழி இடத்தைச் சொல்லும் சிறு ஜி.பி.எஸ். ஏற்பிகள் முதலில் வந்தன.

அடுத்த படி 2012இல் நிகழ்ந்தது. அப்பாரியோ நிறுவனம் தயாரித்து ஃபோர்ஃப்ளைட் செயலியோடு இயங்கிய ஸ்ட்ராட்டஸ் என்னும் கருவி, ஏ.டி.எஸ்.-பி. தரைநிலையம் அனுப்பும் வானிலையைப் பெற்று வைஃபைவழி ஐபேட்டுக்கு அனுப்பியது. அதே ஆண்டில் கார்மின், ஜி.டி.எல். 39 என்னும் ஏற்பியைப் புளூடூத் இணைப்புடன் வெளியிட்டது. செயற்கைக்கோள் வானிலைக்கு மாதச் சந்தா தேவைப்பட்டது. தரைநிலைய வானிலை இலவசம். கருவி வாங்கும் செலவோடு விமானியின் செலவு முடிந்துவிட்டது.

தொடக்கத்தில் ஒவ்வொரு ஏற்பியும் தனக்குரிய செயலியோடு மட்டுமே பேசியது. மாறாக, சிறு தயாரிப்பாளர்கள் பலர் பொதுவெளியில் கிடைத்த ஜி.டி.எல். 90 ஆவணத்தை எடுத்துக்கொண்டனர். கம்பியில் சென்ற அதே செய்தி வடிவத்தை வைஃபைப் பொதிகளுக்குள் அப்படியே வைத்து அனுப்பினர். புதிய செயலியை எழுதுவோருக்கும் புதிய ஏற்பியைச் செய்வோருக்கும் இது பொதுமொழியாயிற்று. 2015இல் தோன்றிய ஸ்ட்ராட்டக்ஸ் என்னும் திறந்த மென்பொருள், ராஸ்பெரி பை சிறுகணினியையும் தொலைக்காட்சி அலைகளைப் பெறுவதற்கான மலிவான சிறு செருகியையும் கொண்டு விமானியே ஏற்பியைச் செய்துகொள்ள வழிசெய்தது. அதுவும் இம்மொழியையே பேசியது.

இங்கு நிகழ்ந்த மாற்றத்தைத் துல்லியமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். நெறிமுறை மாறவில்லை, அது நின்ற சூழல் மாறியது. கம்பியின் இரு முனைகளை நம்பி எழுதப்பட்ட மொழி, முனைகளே இல்லாத வெளியில் பேசப்படலாயிற்று. விமானத்துக்குள் ஒரே வைஃபை வலையில் சேர்ந்த எந்தக் கருவியும் இதயத்துடிப்பை அனுப்பலாம். கேட்கும் செயலி அதனை ஏற்கும்.

5. பலகைக்குத் திறந்த கதவு

மேற்கூறியவை அனைத்தும் வேலிக்கு வெளியே நிகழ்ந்தவை. எடுத்துச்செல் ஏற்பி எடுத்துச்செல் திரையோடு பேசியது. சான்று பெற்ற பலகை அதில் பங்குகொள்ளவில்லை. பலகையையும் இணைக்கும் முயற்சிக்கு வேலைச்சுமையே தூண்டுகோல். வீட்டில் கைக்கணினியில் வகுத்த பறப்புத் திட்டத்தை, விமானத்தில் ஏறியபின் பலகையின் குமிழைத் திருகி எழுத்தெழுத்தாக மீண்டும் உள்ளிட வேண்டியிருந்தது. பறக்கும்போது கட்டுப்பாட்டு நிலையம் வழியை மாற்றினால், அதே வேலையை ஒரு கையால் செய்ய வேண்டும். அந்நேரத்தில் விமானியின் கண்கள் வெளியே இருப்பதில்லை.

ஆஸ்பென் ஏவியானிக்ஸ் நிறுவனம் 2011இல் அறிவித்த இணைப்புப் பலகை இத்திசையில் முதன்மையான முயற்சி. பலகையின் பின்புறம் மறைவாகப் பொருத்தப்படும் ஒரு கம்பியில்லா வாயில், ஐபேட்டிலிருந்து பறப்புத் திட்டத்தைப் பலகைக் கருவிகளுக்குக் கொண்டுசேர்த்தது. 2014இல் கார்மின் வெளியிட்ட ஃப்ளைட் ஸ்ட்ரீம் 210, புளூடூத்வழி இருதிசைப் பரிமாற்றத்தைச் செய்தது. பலகையின் ஜி.பி.எஸ். இடம், விமானத்தின் சாய்வு, வானிலை, பிற விமானங்கள் ஆகியவை கைக்கணினிக்குச் சென்றன. பறப்புத் திட்டம் இரு பக்கமும் சென்றது. 2016இல் வந்த ஃப்ளைட் ஸ்ட்ரீம் 510 ஒரு நினைவட்டையின் வடிவில் அமைந்தது. பலகைக் கருவியின் தரவட்டைத் துளையில் செருகிய அளவில் வைஃபையும் புளூடூத்தும் கிடைத்தன. 28 நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய வழிகாட்டுத் தரவுத்தளங்களை, அட்டையை வீட்டுக் கணினிக்கு எடுத்துச் செல்லாமலே கைக்கணினியிலிருந்து ஏற்ற முடிந்தது.

இவ்விணைப்புகளில் இரு திசைகளும் சமமானவையல்ல. பலகையிலிருந்து கைக்கணினிக்குத் தரவு தங்குதடையின்றிப் பாய்கிறது. சான்று பெற்ற கருவி சான்று பெறாத கருவிக்குச் சொல்வதால் பலகைக்குத் தீங்கில்லை. கைக்கணினியிலிருந்து பலகைக்கு வரும் பறப்புத் திட்டமோ உடனே செயலுக்கு வருவதில்லை. திட்டம் வந்துள்ளது என்று பலகை அறிவிக்கும். விமானி அதனைப் பலகையின் திரையில் பார்த்து, தம் விரலால் ஏற்ற பின்னரே அது விமானத்தை வழிநடத்தும்.

சட்டத்தின் நோக்கில் இவ்வேற்பு நுட்பமான ஏற்பாடு. விமானி குமிழைத் திருகி உள்ளிட்ட திட்டத்துக்கும், கம்பியின்றி வந்து விமானி ஏற்ற திட்டத்துக்கும் வேறுபாடில்லை என்று இதனால் கருத முடிந்தது. இரண்டிலும் இறுதிச் சரிபார்ப்பு மனிதருடையது. கைக்கணினியின் மென்பொருளைச் சான்றளிப்பின் வேலிக்குள் கொண்டுவராமலே அதன் பயனை மட்டும் உள்ளே கொண்டுவர இது வழிசெய்தது. முன்னர்க் கம்பி வகித்த இடத்தை இப்பொழுது விமானியின் விரல் வகித்தது எனலாம்.

6. நம்பகத்தின் மூன்று சோதனைகள்

விமானியே இறுதிச் சரிபார்ப்பாளர் என்னும் ஏற்பாடு, அவர் பார்க்கும் தரவைச் சரிபார்க்க அவரால் இயலும் என்று கொள்கிறது. இக்கொள்கைக்கு மூன்று முனைகளில் சோதனை வந்தது.

முதலாவது, காலம். தரைநிலையமோ செயற்கைக்கோளோ அனுப்பும் ரேடார் வானிலைப் படம், பல ரேடார்களின் பதிவுகளை இணைத்துச் செய்யப்படுவது. திரையில் காட்டப்படும் வயது, படம் இணைக்கப்பட்ட பிறகு கழிந்த நேரத்தையே குறிக்கிறது. ரேடார் வானத்தைக் கண்ட நேரத்தையன்று. மோசமான சூழல்களில் உண்மையான வயது திரையில் தெரிவதைவிட 15 முதல் 20 நிமிடங்கள் கூடுதலாக இருக்கலாம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012 ஜூன் மாதப் பாதுகாப்பு எச்சரிக்கையில் கூறியது; உயிரிழப்பு நேர்ந்த இரு விபத்துகளையும் அது சுட்டியது. விரைந்து நகரும் இடிமேகம் அவ்விடைவெளியில் பல கிலோமீட்டர் கடந்துவிடும். படம் பொய் சொல்லவில்லை. பழைய உண்மையைச் சொன்னது. அதை வைத்து இரு மேகங்களுக்கிடையே வழி தேடும் விமானிக்கு அவ்வேறுபாடு உயிர்ப்பிரச்சினையாகும்.

இரண்டாவது, முழுமை. தரைநிலையம் பிற விமானங்களின் இடங்களை எல்லோருக்குமாக ஒலிபரப்புவதில்லை. ஏ.டி.எஸ்.-பி.வழித் தன் இடத்தை அறிவிக்கும் விமானத்துக்காக மட்டும், அதனைச் சுற்றி 15 கடல்மைல் ஆரமும் மேலும் கீழும் 3,500 அடியும் கொண்ட உருளைக்குள் இருப்பவற்றை அனுப்புகிறது. கேட்கும் ஏற்பியை மட்டும் கொண்டு, தன் இடத்தை அறிவிக்காமல் பறக்கும் விமானி, வேறொருவருக்காக அனுப்பப்பட்டதை ஒட்டுக்கேட்கிறார். அருகில் அத்தகைய வேறொருவர் இல்லாவிடில் அவருடைய திரை வெறுமையாகவே இருக்கலாம். திரையின் வெறுமையை வானத்தின் வெறுமையாகக் கொள்ளும் தவறு எளிதில் நேரக்கூடியது.

மூன்றாவது, அடையாளம். 2014இல் சாண்டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தையும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், எடுத்துச்செல் ஏற்பியும் கைக்கணினிச் செயலியும் சேர்ந்த மூன்று அமைப்புகளை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். மூன்றிலும், தீயெண்ணம் கொண்டவர் விமானியின் திரையில் தவறான தகவலைத் தோன்றச் செய்ய இயலும் என்பது அவர்கள் கண்டது. கம்பிக் காலத்தின் நம்பிக்கை கம்பியில்லாக் காலத்துக்குப் போதாது என்பதை இவ்வாய்வு வெளிப்படையாக்கியது.

எனினும் கம்பியை முழுக் காவலாகக் கொள்வதும் சரியன்று. 2019 ஜூலையில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் இணையப் பாதுகாப்பு முகமை, சிறுவிமானங்களின் உட்கம்பி வலையான கேன் குறித்து எச்சரிக்கை விடுத்தது. விமானத்தை நேரில் அணுக முடிந்த ஒருவர் அவ்வலையில் சிறு கருவியொன்றை இணைத்தால், உயரம், வேகம், எந்திர நிலை ஆகியவை குறித்துப் பொய்யான அளவுகளைப் புகுத்தலாம் என்று அது கூறியது. கம்பியிலும் அடையாளச் சோதனை இருக்கவில்லை. அங்கு உண்மையில் காவல் காத்தவை விமானக் கொட்டகையின் பூட்டும் பணிமனையாளரின் கையொப்பமுமே. கம்பியில்லா இணைப்பு புதிய குறையொன்றை உண்டாக்கியதைவிட, பழைய குறையொன்றைப் பூட்டுக்கு வெளியே கொண்டுவந்தது என்பதே பொருத்தமான மதிப்பீடு.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

ஒன்று, கைக்கணினிக்கும் கருவிப்பலகைக்கும் இடையிலான கம்பியில்லா இணைப்பு சிறுவிமானத்தில் முதலில் வேரூன்றியதற்குச் சட்டத்தின் அமைப்பே பெருங்காரணம். 1960களின் தடைவிதி பொறுப்பு விமானிக்கு விட்டுவைத்த தீர்மான உரிமையும், பொருத்தப்படாத கருவிக்குச் சான்று வேண்டா என்ற பாகுபாடும், பெருநிறுவனங்களுக்கு இல்லாத விரைவைத் தனி விமானிக்குத் தந்தன.

இரண்டு, இவ்விணைப்பின் பொதுமொழி அலாஸ்காவின் சிற்றூர் விமானங்களுக்காகக் கம்பியை நம்பி எழுதப்பட்டது. தொழில்நுட்பத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பெயர்க்கும்போது அதன் செய்தி வடிவம் எளிதில் பெயர்கிறது. அவ்வடிவம் சொல்லாமல் நம்பியிருந்த சூழல் பெயர்வதில்லை. தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர், நெறிமுறை ஆவணத்தில் எழுதப்பட்டிருப்பதோடு எழுதத் தேவையில்லை என்று விடப்பட்டதையும் படிக்க வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

மூன்று, கம்பி அகன்றபின் பொறுப்பு மறையவில்லை; இடம் மாறியது. பணிமனையும் சான்றளிப்பு அலுவலகமும் முன்னர்ப் பகிர்ந்துகொண்ட சரிபார்ப்பின் ஒரு பகுதி, பறக்கும் நேரத்தில், ஏற்றுக்கொள்ளும் பொத்தானின் மீது வைக்கப்பட்ட விமானியின் விரலுக்கு வந்து சேர்ந்தது. வேலைச்சுமையைக் குறைக்க வந்த இணைப்பு, கண்ணுக்குப் புலப்படாத ஒரு வேலையைக் கூட்டியது. படத்தின் வயதையும் திரையின் வெறுமையையும் செய்தியின் மூலத்தையும் எடைபோடும் வேலை அது. அதற்கான பயிற்சியையும் அதற்கேற்ற திரை வடிவமைப்பையும் விமானிக்குத் தராமல் பொறுப்பை மட்டும் தருவது முறையாகாது. இனி வரும் நெறிமுறைகள் செய்தியோடு அனுப்புநரின் அடையாளத்தையும் சேர்த்துச் சுமக்குமாயின், விமானியின் கண்கள் மீண்டும் வானத்தின்பால் திரும்ப அது துணைசெய்யும்.